இடது பக்கத்து நட்டு

மாவட்டக் கவுன்சிலின் பட்டறையில் இருந்த ஒரே புல்டோசருக்கு வயது நாற்பத்தொன்று. அதைக் கட்டி மேய்த்த ஃபிட்டர் கபாசோவுக்கு ஐம்பத்தெட்டு. இரண்டும் புகை விடும், இரண்டும் காலையில் கிளம்ப நேரமாகும். இரண்டையும் மாற்ற வேண்டும் என்று கவுன்சில் ஆண்டுதோறும் கூடித் தீர்மானம் போட்டு, தேநீர் குடித்துவிட்டுக் கலைந்துவிடும்.

கபாசோ தாமிரச் சுரங்கத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். அவர் சொல்லாவிட்டால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவர் சொல்லாத நாள் என்று ஒன்று இருந்ததில்லை. தன் கைக்குக் கழலாத நட்டு இன்னும் பிறக்கவில்லை என்பார். அந்த நட்டு பிறந்து நாற்பத்தொரு வருடம் ஆகியிருந்தது. புல்டோசரின் இடது பக்கத்தில், சங்கிலிப் பட்டையை இழுக்கும் பெரிய பல்சக்கரத்தின் நடுவில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் துருவும் மண்ணும் கிரீஸும் அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அக்டோபர் கடைசியில் அந்தச் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது. உள்ளே எண்ணெயை அடைத்து நிறுத்தும் சீல் போய்விட்டது. சீலை மாற்றச் சக்கரத்தை இழுக்க வேண்டும். சக்கரத்தை இழுக்க அந்த நட்டு கழல வேண்டும்.

கழலாவிட்டால் என்ன, கவுன்சிலுக்கு ஒன்றும் குடிமுழுகிவிடாது. கபாசோவுக்கு முழுகிவிடும். அவர் மகள் லொம்பேவுக்கு இது நிறைமாதம். தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, வீட்டில் பார்க்கவே கூடாது, வலி கண்டதும் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள் என்று நர்ஸ் அடித்துச் சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரி இருப்பது ஓடைக்கு அக்கரையில். பாலத்துக்கு ஏறும் மண்கரையைப் போன வருட மழை தின்றுவிட்டது. காய்ந்த காலத்தில் இறங்கி ஏறிவிடலாம். மழை விழுந்தால் வண்டி போகாது. போன வருடம் ஒரு பெண் இக்கரையிலேயே வண்டிக்குக் காத்திருந்து செத்துப்போனாள். முன்னாடியே அக்கரைக்குப் போய்த் தங்கலாம் என்றால், கர்ப்பிணிகள் தங்கும் கொட்டகையின் கூரை காற்றில் போய்விட்டது. அதற்கும் தீர்மானம் போட்டாயிற்று. கரையை மறுபடி கட்ட புல்டோசர் வேண்டும். மழைக்கு இன்னும் பத்து நாள் இருக்கலாம், ஐந்து நாளும் இருக்கலாம்.

அந்தப் புல்டோசரை ஓட்டுபவன் ஜெரே. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் கிழக்கு மாகாணத்திலிருந்து வண்டியோடு சேர்த்து அனுப்பப்பட்டவன். இரண்டில் எதை ஒழித்துக்கட்ட அங்கே ஆசைப்பட்டார்கள் என்பது தெரியவில்லை.

கபாசோ பெம்பா இனம். ஜெரே அங்கோனி இனம். பாட்டன்மார் காலத்தில் இந்த இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று ஈட்டியால் குத்திக்கொண்டவை. குத்தி அலுத்தபின், இனிமேல் வாயால் மட்டும் குத்திக்கொள்வது என்று ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன. அன்றிலிருந்து பெம்பாவுக்கு அங்கோனி மச்சான், அங்கோனிக்குப் பெம்பா மச்சான். மச்சான் என்ன சொன்னாலும் கோபிக்கக் கூடாது. சாவு வீட்டில் பிணத்தின் தலைமாட்டில் நின்று கேலி பேசினாலும் சிரித்துத்தான் ஆகவேண்டும். முகம் சுளித்தால் ஒரு கோழி தண்டம். பெம்பாவைக் குரங்கு தின்னி என்பதும் அங்கோனியை எலி தின்னி என்பதும் அன்றாட வணக்கம் மாதிரி.

இவர்கள் இருவரும் பன்னிரண்டு வருடமாக இந்த ஏற்பாட்டை ஒரு நாள் விடாமல் கடைப்பிடித்தார்கள். போன வருடம், அமைச்சர் வருகிறார், சுரங்கத்தில் வேலை பார்த்த ஃபிட்டரைத்தான் பார்க்க வேண்டும் என்கிறார் என்று ஜெரே வந்து சொன்னான். கபாசோ கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு உச்சி வெயிலில் மூன்று மணி நேரம் வாசலில் நின்றார்; எந்த அமைச்சரும் வரவில்லை. அடுத்த மாதம் ஜெரேவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. முத்திரை குத்திய காகிதம். அவன் பெட்டி கட்டி, பானை சட்டியைப் பக்கத்து வீட்டுக்குத் தானம் கொடுத்து, கோழிகளை உறவுக்காரனிடம் ஒப்படைத்த பிறகுதான் முத்திரை கபாசோ உருளைக்கிழங்கில் செதுக்கியது என்று தெரிந்தது. இருவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலை கபாசோ வேலையைத் தொடங்கினார். லாரித் தகட்டை வெட்டி அந்த நட்டுக்கென்றே ஒரு ஸ்பேனர் செய்திருந்தார். அதன் வாலில் நாலு மீட்டர் இரும்புக் குழாயைச் சொருகி, இரண்டு கூலியாட்களைத் தொங்கவிட்டார். எல்லா நட்டையும் கழற்றுவதுபோல இடப்பக்கமாகத் திருப்ப. நட்டு அசையவில்லை.

ஜெரே ஒரு டீசல் டின் மேல் உட்கார்ந்து வறுத்த நிலக்கடலை தின்றுகொண்டிருந்தான்.

"டேய் குரங்கு தின்னி," என்றான். "அந்தப் பக்கம் திருப்பாதே. இந்த இடது சக்கரத்து நட்டுக்கு மரையைத் தலைகீழா வெட்டியிருக்கான். வலப்பக்கம் திருப்பினாத்தான் கழலும்."

கபாசோ ஆட்களை நிறுத்தச் சொல்லிவிட்டுச் சாவகாசமாகத் திரும்பினார்.

"கேட்டீங்களாப்பா? கழட்டணும்னா முடுக்கணுமாம். இவன் தாத்தன் எங்க தாத்தன்கூட சண்டைக்கு வந்தப்பவும் ஈட்டியை இப்படித்தான் திருப்பிப் பிடிச்சுட்டு வந்தான். அதான் அந்தக் கதி."

"நெசமாச் சொல்றேன்டா. கிழக்குல என் கண்ணு முன்னாலதான் கழட்டினாங்க."

"அமைச்சரும் உன் கண்ணு முன்னாலதான் வந்தாரு."

"அம்மா மேல சத்தியம்."

கூலியாட்கள் குழாயை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஜெரே செய்த சத்தியங்களுக்கு அவன் அம்மா இதுவரை பதினோரு முறையாவது செத்திருக்க வேண்டும். அவள் கிழக்கே கல்லுப்போல் நிலக்கடலைக் காட்டில் களை கொத்திக்கொண்டிருந்தாள்.

கபாசோவுக்குத் தலைகீழ் மரை என்று ஒன்று உண்டு என்பது தெரியாமல் இல்லை. இருபத்திரண்டு வருடம். ஆனால் இதே வண்டியின் வலது சக்கரத்து நட்டை ஆறு வருடத்துக்கு முன் அவர்தான் கழற்றினார். அது எல்லா நட்டும்போல ஒழுங்காக இடப்பக்கம்தான் கழன்றது. அப்படியிருக்க இடது சக்கரம் மட்டும் என்ன தனிச் சாதியா? கையேட்டைப் பார்க்கலாம் என்றால் கரையான் தின்று, கடைசிப் பக்கம்தான் மிச்சம். அதில், வேலை தொடங்கும் முன் கையேட்டை முழுவதும் படிக்கவும் என்று போட்டிருந்தது. தண்டின் நுனியில் மரை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கத் துருவைச் சுரண்ட வேண்டும். கம்பி பிரஷ் எதிரே ஆணியில்தான் தொங்கியது. ஐந்து நிமிட வேலை. ஆனால் மச்சான் பேச்சைக் கேட்டுப் பிரஷைத் தூக்கிய பெம்பா என்று நாளைக்கு ஊர் முழுக்கப் பேசும். பிரஷ் ஆணியிலேயே தொங்கட்டும்.

செவ்வாய்க்கிழமை ஆறு பேர் தொங்கினார்கள். குழாய் வில்லாக வளைந்தது. மதியம் மூன்று மணிக்கு நட்டு 'கிறீச்' என்று ஒரு விரற்கடை நகர்ந்தது. பட்டறையே ஆரவாரித்தது. மேற்பார்வையாளர் சிகாஸ்வே அலுவலகத்திலிருந்து ஓடி வந்து நட்டைத் தொட்டுப் பார்த்து, ஓடிப்போய், பணி முப்பது விழுக்காடு நிறைவு என்று மேலிடத்துக்கு எழுதினார்.

"இப்ப என்ன சொல்றே, எலி தின்னி?"

"இன்னும் ஒரு விரற்கடை முடுக்கிட்டே," என்றான் ஜெரே. அவன் கடலை தின்பதை நிறுத்தியிருந்தான். "டேய், விளையாட்டில்லடா. நான் சொல்றதைக் கேளு."

"விளையாட்டில்லன்னு நீ சொல்றப்பதான் பெரிய விளையாட்டே இருக்கும்."

இது உண்மைதான். அமைச்சர் வந்த அன்றும் ஜெரே இதே வார்த்தையைத்தான் சொன்னான். பன்னிரண்டு வருடமாக ஒருவன் வாயிலிருந்து வருவதெல்லாம் கேலி என்று வைத்துப் பழகிவிட்டால், அவன் வீடு பற்றி எரிகிறது என்று சொன்னாலும் கைதட்டத்தான் தோன்றும். அவர்கள் சம்பிரதாயத்தில் மச்சான் உண்மை சொல்வதற்கு வழியே வைக்கவில்லை. ஏற்பாடு செய்த பாட்டன்மாருக்குப் புல்டோசர் வரப்போவது தெரியாது, பாவம்.

புதன்கிழமை கபாசோ நெருப்பை வைத்தார். நட்டைச் சிவக்கச் சுட்டு, குழாயின் நுனியில் இரும்புக் கயிறு கட்டி, அதை லாரியில் மாட்டி இழுக்கச் சொன்னார். நட்டு இன்னும் அரை விரற்கடை நகர்ந்தது. பிறகு கயிறு அறுந்து பறந்துபோய், கவுன்சில் கழிப்பறையின் கதவைப் பெயர்த்தது. உள்ளே சிகாஸ்வே இருந்தார். பணி நாற்பது விழுக்காடு நிறைவு என்று அன்று அவர் எழுதவில்லை.

அந்தக் களேபரத்தின் நடுவில் லொம்பே அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். உப்வாலிக் களி, கபெண்டாக் கருவாடு, கீரை. ஒரு கை இடுப்பில், ஒரு கையில் தூக்கு. கால் இரண்டும் வீங்கி, செருப்புக்குள் நுழையாமல் வெறுங்காலோடு நடந்து வந்திருந்தாள்.

"அப்பா, மேற்கால இருட்டிக்கிட்டு வருது."

"வந்தா வரட்டும். நாளைக்கு இது கழண்டுரும்."

"நேத்தும் அதானே சொன்னீங்க." அவள் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "எனக்கு பயமா இருக்குப்பா."

கபாசோவுக்கு அவளைவிடப் பயமாக இருந்தது. பயத்தில் மனுஷன் என்ன செய்வான்? இன்னும் நீளமான குழாயைத் தேடிப் போனார். ஜெரே டின் மேல் உட்கார்ந்தபடி லொம்பேயின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று மாலை அவன் யாரையும் எதுவும் கேலி செய்யாமல் வீட்டுக்குப் போனான்.

வியாழக்கிழமை காலை ஜெரே தொப்பி இல்லாமல் வந்தான். துவைத்த சட்டை போட்டிருந்தான். நேரே கபாசோ முன்னால் வந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலையைக் குனிந்து, உள்ளங்கைகளைக் குவித்து மூன்று முறை மெல்லத் தட்டினான். பெரியவர்களுக்கு மட்டும் செய்யும் கும்பிடு அது.

"பாஷி லொம்பே," என்றான். லொம்பேயின் தகப்பனாரே என்று அர்த்தம். "வணக்கமுங்க. ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?"

கபாசோவின் கையிலிருந்த சுத்தியல் கீழே விழுந்தது.

"யாரு செத்தது?" என்றார்.

"யாரும் சாகலைங்க."

"உங்க அம்மாவா?"

"அம்மா நல்லா இருக்காங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், பாஷி லொம்பே. தப்பா எடுத்துக்கக் கூடாது. அந்த நட்டு வலப்பக்கம் திருப்பினாத்தான் கழலுமுங்க."

பட்டறையில் யாரும் சிரிக்கவில்லை. சம்மட்டிக்காரன் சம்மட்டியைத் தூக்கினவன் தூக்கினபடியே நின்றான். பன்னிரண்டு வருடத்தில் கபாசோவின் பெயரை ஜெரே முழுசாகக்கூடச் சொன்னதில்லை. பாஷி என்ற சொல் அவன் வாயில் இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாது. கபாசோ எழுந்துபோய், ஆணியிலிருந்த பிரஷை எடுத்து, தண்டின் நுனியைத் தேய்க்க ஆரம்பித்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. துரு உதிர்ந்ததும் மரை பளிச்சென்று தெரிந்தது. எல்லா மரையும் சாய்கிற பக்கத்துக்கு நேர் எதிராக, ஜெரே சொன்ன மாதிரியே சாய்ந்து ஓடியது.

மூன்று நாள். ஆறு ஆள், ஒரு லாரி, ஒரு கழிப்பறைக் கதவு. இத்தனையும் செலவழித்து, ஏற்கெனவே துருவேறி இறுகிக் கிடந்த நட்டை இன்னும் ஒன்றரை விரற்கடை இறுக்கியிருந்தார் இருபத்திரண்டு வருடச் சுரங்க ஃபிட்டர்.

அவர் அப்படியே நின்றார். இப்போது வரும் என்று காத்திருந்தார். இதைவிடப் பெரிய தீனி ஒரு அங்கோனிக்கு இந்த ஜென்மத்தில் கிடைக்காது. இதை வைத்து ஜெரே பத்து வருடம் சாப்பிடலாம், கபாசோவின் சாவு வீட்டில் ஒரு முழு ராத்திரி பேசலாம்.

"குழாயை இந்தப் பக்கம் மாத்திப் போட்டுரலாமுங்களா?" என்றான் ஜெரே.

கபாசோ தானே குழாயை உருவி மறுபக்கம் சொருகினார்.

கழற்ற அன்று முழுப்பகலும் ஆனது. மூன்று நாள் முடுக்கியதற்கு நட்டு ஈவு இரக்கமில்லாமல் பழிவாங்கியது. சுட்டார்கள், ஆறவிட்டு டீசல் ஊற்றினார்கள், மறுபடி சுட்டார்கள். ஒருவன் நட்டின் பக்கவாட்டில் சம்மட்டியால் அடித்துக்கொண்டே இருக்க, லாரி மெல்ல இழுத்தது. சூரியன் இறங்குகிற நேரத்தில் துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். எல்லோரும் தரையில் படுத்தார்கள். தலையைத் தூக்கிப் பார்த்தால் குழாய் அரைவட்டம் திரும்பி நின்றது. அதற்கப்புறம் அந்த நட்டை லொம்பேகூடக் கையால் சுழற்றியிருப்பாள். யாரும் ஆரவாரம் செய்யவில்லை. செவ்வாய்க்கிழமையே அதையெல்லாம் செய்து தீர்த்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சீல் மாற்றி, சக்கரத்தை ஏற்றி, சங்கிலியைப் பூட்டினார்கள். சனிக்கிழமை புல்டோசர் ஓடைக்குப் போனது. இந்த நாட்கள் முழுக்க ஜெரே மரியாதையாகவே இருந்தான். வாங்க, போங்க, சொல்லுங்க. சாப்பிட்டீங்களா என்று விசாரித்தான். கபாசோவால் அதைத் தாங்க முடியவில்லை. ஓடைக்கரையில் தனியாகக் கிடைத்தபோது அவன் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"டேய், ஒரு வார்த்தை திட்டுடா. முட்டாள்னு சொல்லு. குரங்குன்னு சொல்லு."

"உங்களைப் போய் அப்படிச் சொல்லலாமுங்களா?"

"நான் ஒரு கோழி தர்றேன். ரெண்டு தர்றேன்."

"வேலை கிடக்குது, பாஷி லொம்பே," என்று ஜெரே வண்டியில் ஏறினான். ஏறி உட்கார்ந்தபின், இன்ஜினைக் கிளப்புவதற்கு முன், குனிந்து சொன்னான்: "மச்சானாச் சொன்னப்ப உங்க காதுல ஏறலை. மூணு நாள் போச்சு. உங்க பொண்ணு நல்லபடியா அக்கரை சேர்ற வரைக்கும் நான் சொல்றது உங்க காதுல ஏறணும். அதனால இப்படியே இருந்துக்கறேன்."

கபாசோ சட்டையை விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்தது. கரை பாதிதான் ஏறியிருந்தது. மூன்று நாள் முன்னால் தொடங்கியிருந்தால் முழுசாக ஏறியிருக்கும்; இதை யாரும் கபாசோவிடம் சொல்லவில்லை, சொல்லாமலே அவருக்கு அது இரண்டு நாளும் காதுக்குள் ஒலித்தது. செவ்வாய்க்கிழமை விடிந்ததும் லொம்பேவுக்கு வலி வந்தது. ஆஸ்பத்திரி வண்டி அக்கரையில் நின்று ஹாரன் அடித்தது, அந்த வண்டியால் அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியவில்லை. பாலத்தின் மேல் தண்ணீர் முழங்காலளவு ஓடியது.

ஜெரே புல்டோசரை வாசலுக்கே கொண்டுவந்தான். இருக்கைக்குப் பக்கத்தில் மெத்தையைத் திணித்து லொம்பேயை உட்கார வைத்தார்கள். கபாசோ ஏணிப்படியில் நின்று, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, ஒரு கையால் அவளுக்குக் குடை பிடித்தார். அந்த வண்டி மனுஷன் நடக்கிற வேகத்தில்தான் போகும். அவள் கத்தினாள், முனகினாள், அப்பாவின் சட்டையைக் கடித்தாள். கபாசோ ஒரு காதில் மகளையும் மறு காதில் இடது சக்கரத்தையும் கேட்டுக்கொண்டு வந்தார்.

பாலத்துக்கு ஏறும் அந்த அரைகுறைக் கரையில் வண்டியை விடும் முன் ஜெரே, "இடது பக்கம் சரியும். வலப்பக்கம் சாஞ்சு நில்லுங்க, பாஷி லொம்பே," என்றான்.

கபாசோ மறுபேச்சில்லாமல் வலப்பக்கம் சாய்ந்தார். சொன்னபடியே கரை இடப்பக்கம் சரிந்தது. வண்டி ஒரு முழம் இறங்கி, முக்கி, சேற்றைக் கக்கி, பாலத்தின் மேல் ஏறி அக்கரை சேர்ந்துவிட்டது. அக்கரையில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தவன் இப்போதுதான் ஹாரனை நிறுத்தினான்.

நர்ஸ் இருவரையும் உள்ளே விடவில்லை. தலையிலிருந்து கால்வரை சேறும் கிரீஸுமாக இருந்தார்கள். வராந்தாவில் இரண்டு மூலையில் நின்றார்கள். உள்ளே லொம்பே கத்துவது கேட்டது, பிறகு கேட்கவில்லை. கேட்காமல் போனதுதான் மோசம். கபாசோ சுவரில் நெற்றியை முட்டி, சர்ச்சில் சொல்கிற எல்லாவற்றையும் வரிசை மாற்றிச் சொன்னார். மத்தியானம் தாண்டி, பூனை கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. நர்ஸ் கதவைத் திறந்து, கையைக் கழுவிட்டு வாங்க என்று திட்டி, கழுவி வந்ததும், துணியில் சுற்றிய ஒன்றைக் கபாசோவிடம் கொடுத்தாள். பெண் குழந்தை. தாய் நன்றாக இருக்கிறாள். குழந்தை கடைசி நேரத்தில் திரும்பிக்கொடுத்ததாம்.

கபாசோ அதை ஏந்திக்கொண்டு ஜெரேயிடம் வந்தார். அவன் முன்னால் நீட்டினார். ஜெரே குனிந்து அந்தச் சுருங்கிய முகத்தை வெகு நேரம் பார்த்தான். குழந்தை ஒரு கண்ணைத் திறந்து அவனைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"டேய் குரங்கு தின்னி," என்றான் ஜெரே. "நர்ஸம்மா உன்னை உள்ள விடாம வெச்சது பெரிய புண்ணியம். நீ மட்டும் உள்ள போயிருந்தே, வெளிய வர்ற புள்ளையைப் பிடிச்சு இன்னும் ஒன்றரை விரற்கடை உள்ள முடுக்கியிருப்ப."

கபாசோ ஆஸ்பத்திரிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பேத்தியை மார்போடு அணைத்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதாரா சிரித்தாரா என்று நர்ஸுக்குப் புரியவில்லை. அவர் ஏதோ பதில் சொல்ல மூன்று முறை வாயெடுத்தார். கடைசியில், "எலி தின்னி," என்று மட்டும்தான் வந்தது.